சுவர்ப் பக்கம் வைத்த எலுமிச்சம்பழம்

போன வருடம் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் எங்கள் வீடு. சீனப் பெருநாள் முடிந்து வெயில் கொளுத்துகிற நேரம். மழையைக் கண்ணால் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. மத்தியானத்தில் வாசலுக்கு வந்தால் தார் ரோட்டின் மேல் காற்று நெளிவது தெரியும். பிள்ளைகளைக் குளிர்ச்சியான இடத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று மகனும் மருமகளும் முடிவு செய்தார்கள். கேமரன் மலைக்குப் போய் இரண்டு நாள் தங்குவது, அங்கிருந்து மலை இறங்கி ஜொகூரில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போவது. என்னையும் சேர்த்துத்தான்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாய்வரை வந்துவிட்டு அப்படியே உள்ளே போய்விடும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்றுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இதில் எழுதப் போகிறேன்.

இந்தப் பயணத்துக்காகவே மகன் ஒரு பழைய கார் வாங்கினான். ஏழு பேர் உட்காரலாம். நிபோங் திபாலில் ஒரு அம்மா விற்றார்கள். அவர்கள் வீட்டுக்காரர் தவறிப்போய் ஒரு வருடம்கூட ஆகவில்லையாம், ஓட்ட ஆளில்லை. காரை எடுக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அந்த அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, காரின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்கள்: "அவருக்கு ஒரு கிறுக்குக்கா. காடிய சுவத்த ஒட்டித்தான் நிறுத்துவாரு. மூக்கு சுவத்துல முட்டணும். கொஞ்சம் எடம் விட்டு நிறுத்திட்டா படுக்க மாட்டாரு. எந்திரிச்சுப் போயி மறுபடியும் நவுத்தி வெச்சுட்டு வந்துதான் படுப்பாரு."

நான் சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்தார்கள், கண் மட்டும் சிரிக்கவில்லை.

காருக்குள்ளே தைல வாசனை. கைகால் வலிக்குத் தேய்ப்போமே, அந்தத் தைலம். சீட்டில் ஊறியிருந்தது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மகன் ஒரு வாசனைப் பாட்டிலைக் கண்ணாடிக்குக் கீழே மாட்டினான். தைல வாசனை அதையும் மீறி வந்தது.

அடுத்த வாரம் முழுக்கக் காரைத் தயார்செய்வதுதான் மகனுக்கு வேலை. ஏர்கோனுக்கு கேஸ் ஏற்றினான். நாலு டயரும் புதுசு. எஞ்சின் எண்ணெய் மாற்றினான், வைப்பர் மாற்றினான், மேலே சாமான் கட்ட ஒரு கம்பிச் சட்டம் போட்டான். "பாரும்மா, கண்ணாடி மாதிரி ஆயிருச்சு" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து போர்ச்சில் நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புவதாக ஏற்பாடு.

எங்கள் வீடு வரிசை வீடு. கேட்டைத் திறந்து காரை நேராக உள்ளே விட்டால், முன்பக்கம் வீட்டுச் சுவரைப் பார்த்து நிற்கும். வெளியே எடுக்கும்போது பின்னால் எடுக்க வேண்டும். அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் என் அறை.

தூரப் பயணம் போகிற காருக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் எப்படி? வெள்ளிக்கிழமை, நல்ல நாள். மகனிடம் கேட்டால் கிண்டல் பண்ணுவான் என்று, அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து மஞ்சள் குங்குமத்தை எடுத்துக்கொண்டு போனேன். சுவருக்கும் காருக்கும் நடுவில் நுழைந்து, முன்பக்கத்தில் பொட்டு வைத்தேன். தாராளமாக நிற்க இடம் இருந்தது. பிறகு நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு பழம் வைத்தேன். எப்போதும் முன்னால்தானே வைப்பது, அந்தப் பழக்கத்தில் வைத்துவிட்டேன். காலையில் மகன் பெட்ரோல் போட எடுக்கும்போது ஏறி நசுங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் வாசல் கூட்டப் போனேன். நாலு பழமும் நசுங்கிக் கிடந்தன.

மகன் அப்போதுதான் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான். கார் சாவி வரவேற்பறை ஆணியில் தொங்கியது. கேட்டில் பூட்டு போட்டபடியே இருந்தது.

சரி, ராத்திரி எதற்கோ எடுத்திருப்பான் என்று நினைத்தபடி, சுவர் ஓரம் கூட்டலாம் என்று நுழையப் பார்த்தேன். முடியவில்லை. துடைப்பம் போனது, நான் போகவில்லை. நேற்றுச் சாயங்காலம் தாராளமாக நின்ற இடம் அது. குங்குமம் வைத்த இடம் எனக்கு நேராகத் தெரிகிறது, என் உடம்பு நுழைய மாட்டேன் என்கிறது.

"தம்பி, ராத்திரி காடிய எடுத்தியா?"

"இல்லியேம்மா."

"நவுந்திருக்குப்பா. நேத்து இந்த சந்துல நான் போனேன், இன்னிக்கிப் போக முடியல."

அவன் வாயில் நுரையோடு எட்டிப் பார்த்தான். "காடி நவுரலம்மா. நீதான் ஊதிட்ட. நேத்து எத்தன தோச?"

மருமகள் சமையல்கட்டில் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு வெட்கமாகிவிட்டது. பேசாமல் நசுங்கிய பழங்களைப் பொறுக்கினேன். பின் சக்கரத்துப் பழம் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதில் பழச்சாறு இல்லாமல் வேறு ஏதோ ஈரம் இருந்தது. கறுப்பாக, கொழகொழவென்று. விரலில் ஒட்டியது தேய்த்தும் போகவில்லை. ரத்தம் உறைந்தால் அப்படி இருக்கும். அதை மட்டும் தூக்கிப் போட மனசு வராமல், ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுத் துளசிச் செடிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். ஏன் மறைத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மகன் அன்றைக்குக் காரைத் தொடவே இல்லை. பெட்ரோல் காலையில் போகிற வழியில் போட்டுக்கொள்ளலாம் என்றுவிட்டான். வீட்டில் எல்லோரும் துணி மடிப்பதும் பெட்டி கட்டுவதுமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் கை ஓடவில்லை.

மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஏர்கோன் அறைக்குள் படுத்துவிட்டார்கள். நான் ஒரு புதுப் பழத்தை எடுத்துப் போய், அந்தப் பின் சக்கரத்துக்கு முன்னால் மறுபடியும் வைத்தேன். பிறகு வரவேற்பறையில் நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் சக்கரமும் பழமும் நன்றாகத் தெரியும்.

வெயிலில் தெருவே செத்துக் கிடந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் இல்லை, ஒரு நாய் இல்லை. கொடியில் போட்ட துணி அசையவில்லை. காற்றே இல்லாத மத்தியானம். நான் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க, காருக்குள்ளே யாரோ உட்கார்ந்து என்னைப் பார்ப்பது போல் இருந்தது. கண்ணாடியில் வெயில் அடித்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தொண்டை வறண்டுபோய்த் தண்ணீர் எடுக்க எழுந்தேன். குளிர்பெட்டிக் கதவைத் திறந்திருப்பேன். அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

பெரிய சத்தம் இல்லை. ஈரத் துணியைக் காலால் மிதித்தால் வருமே, அந்த மாதிரி.

வந்து பார்த்தேன். பழம் நசுங்கியிருந்தது. கேட் பூட்டியே இருக்கிறது. சாவி ஆணியில். கார் சும்மா நிற்கிறது, ஒன்றும் தெரியாத மாதிரி. கண்ணாடியெல்லாம் ஏற்றி மூடியிருந்த அந்தக் காரிலிருந்து தைல வாசனை அப்போதுதான் தேய்த்த மாதிரி வந்தது.

எப்படி மகன் அறைக் கதவைத் தட்டினேன் என்று நினைவில்லை. அவன் தூக்கக் கலக்கத்தோடு வந்தான். நான் சொன்னேன், என் குரலா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அந்தக் காடியில பிள்ளைங்கள ஏத்தாதப்பா. எனக்குப் பயமா இருக்கு."

"என்னாம்மா நீ? ரூம் எடுத்தாச்சு, சாமானெல்லாம் கட்டியாச்சு. இப்ப வந்து ஏத்தாதங்கிற."

"அது தானா நடக்குதுப்பா."

"தானா நடக்குதா! அப்ப நல்லதுலா, பெட்ரோல் மிச்சம்."

அவனுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், கிண்டலாகப் பேசுவான். மற்ற நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கே நான் அறைக்குள் போயிருப்பேன். அன்றைக்குப் போகவில்லை. துளசிச் செடிக்குப் பின்னாலிருந்த சிரட்டையை எடுத்து வந்து அவன் முன்னால் நீட்டினேன். அவன் அதை வாங்கவில்லை. மருமகள்தான் வாங்கி முகர்ந்து பார்த்தாள். முகம் மாறியது.

"அத்த, இது எலுமிச்சம்பழ வாசமே இல்ல. மீன் வாட மாதிரி, எண்ண மாதிரி இருக்கு." அவன் பக்கம் திரும்பினாள். "சாமியோ பேயோ, ஃபோர்மன்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துருங்களேன். பக்கத்துலதானே."

"போனா என்னப் பாத்துச் சிரிப்பாரு. சரி, அம்மாவே வந்து சொல்லட்டும்" என்று சாவியை எடுத்தான்.

நானும் போனேன். ஃபோர்மன் என்றால் இங்கே கார் பழுது பார்ப்பவர். நம் ஆள்தான், மகனுக்குப் பழக்கமானவர். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

"ஏர்கோன், டயர், எண்ணெ எல்லாம் செஞ்சாச்சுண்ணே. அம்மாதான் காடி தானா நடக்குதுன்னு சொல்றாங்க" என்றான் மகன்.

"அப்படியாம்மா? பேய்க்கு லைசென் இருக்கான்னு கேட்டீங்களா?"

அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே காரைத் தூக்கி நிறுத்திப் பின் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இருந்த மூடியைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார். எடுத்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"தம்பி, இங்க வா."

உள்ளே எல்லாம் கறுப்பு ஈரம். சிரட்டையில் இருந்த அதே ஈரம்.

"பிரேக் எண்ணெ ஒழுகி எல்லாம் ஊறிப்போச்சு. இதுல ஹேண்ட் பிரேக் எங்கிருந்து புடிக்கும்? எங்க போறேன்னு சொன்ன?"

"கேமரன்."

"இத வெச்சிக்கிட்டா? ஏறிருவ. எறங்கறப்போ..." அவர் முடிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மகன் முகத்தைப் பார்க்காமல் அடுத்த சக்கரத்தைக் கழற்றப் போனார். அதிலும் ஒழுக ஆரம்பித்திருந்தது. முன்பக்கத்தில் பிரேக் எண்ணெய் ஊற்றும் குடுவையைத் திறந்து காட்டினார், அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. யாரும் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் பிரேக்கை மிதிக்கும்போது காற்றைத்தான் மிதித்திருப்போம் என்றார்.

மகன் அந்தக் குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றான். நெற்றியில் வியர்வை துளித்துளியாக நின்றது.

ஃபோர்மன் என்னிடம் வந்தார். "உங்க வீட்டு போர்ச்சு சரிவாம்மா?"

"ஆமாண்ணே, கழுவுற தண்ணி ஓடறதுக்குக் கொஞ்சம் சரிவா போட்டிருக்கு" என்று மகன் சொன்னான்.

"அதான் சங்கதி. பிரேக் புடிக்கல, சரிவுல தானா எறங்கியிருக்கு. பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. நிம்மதியா போங்கம்மா."

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. படிக்காதவள், எதையோ நினைத்துப் பயந்துவிட்டேன், ஆனாலும் அந்தப் பயத்தால் ஒரு நல்லது நடந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சாயங்காலத்துக்குள் எல்லாச் சாமானும் புதுசாகப் போட்டு முடித்துக் கொடுத்தார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது வெளுத்ததும் போர்ச்சைக் கழுவப் போனேன். பழத்தோலும் மஞ்சளும் தரையில் ஒட்டிக் கிடந்தன. சாமி காரியத்துக்கு வைத்ததை மிதித்துக்கொண்டு கிளம்பக் கூடாது இல்லையா? குழாயைச் சுவர் ஓரம் பிடித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

தண்ணீர் சுவரிலிருந்து புறப்பட்டது. காருக்கு அடியில் நுழைந்தது. பழத்தோலைத் தள்ளிக்கொண்டு, பின் சக்கரத்தைத் தாண்டி, கேட்டுக்கு அடியில் போய்ச் சாக்கடையில் விழுந்தது. எத்தனையோ வருடமாக நான் கழுவுகிற போர்ச்சு அது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

அந்த நேரம் மகன் பெட்டியோடு வந்தான். கையில் நான் வைத்திருந்த புதுப் பழங்களைப் பார்த்துவிட்டான்.

"மா, இந்தத் தடவயாச்சும் சக்கரத்துக்குப் பின்னாடி வைம்மா. ரிவர்ஸ்ல எடுக்கிற காடிக்கு முன்னாடி வெச்சா எப்படி நசுங்கும்?"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் குழாயை மூடக்கூட மறந்து நின்றேன்.

சரிவு கேட்டைப் பார்த்து. பிரேக் பிடிக்காத கார் உருண்டால் கேட்டுப் பக்கம்தான் போயிருக்க வேண்டும், பழங்கள் அப்படியே கிடந்திருக்க வேண்டும். நான் வைத்தது எல்லாம் சுவர்ப் பக்கம். வெள்ளி ராத்திரியும் சரி, சனி மத்தியானமும் சரி, கார் மேட்டில் ஏறி வந்திருக்கிறது. என் அறைச் சுவரைப் பார்த்து. அதனால்தான் அந்தச் சந்தில் என்னால் நுழைய முடியவில்லை.

மூக்கு சுவத்துல முட்டணும். கொஞ்சம் எடம் விட்டு நிறுத்திட்டா படுக்க மாட்டாரு.

பிள்ளைகள் அதற்குள் காரில் ஏறி யார் ஜன்னல் ஓரம் என்று சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். மருமகள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சொல்வதா வேண்டாமா? சொன்னால் பயணம் நின்றுவிடும், இல்லையென்றால் எல்லோரும் சிரிப்பார்கள். பழுதோ சரியாகிவிட்டது. அது எனக்குத் தெரியும். வாய்வரை வந்ததை அன்றைக்கு நானே உள்ளே அனுப்பினேன். டிரைவர் சீட் பக்கம் போய் நின்று, மனசுக்குள் சொன்னேன்: 'ஐயா, சின்னப் பிள்ளைங்க வராங்க. ஓட்டறதுக்கு எம் மகன் இருக்கான்.' அவ்வளவுதான். பிறகு நாலு பழத்தையும் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தேன். மகன் பின்னால் எடுத்தான். நாலும் நசுங்கின.

பினாங்குப் பாலத்தைத் தாண்டும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. மலையில் ஒன்றும் ஆகவில்லை. குளிர், பூந்தோட்டம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இறங்கும்போதுதான், ஒரு வளைவில் காய்கறி லாரி ஒன்று எங்கள் பக்கமே ஏறி வந்துவிட்டது. மகன் மிதித்தான். கார் குலுங்கி நின்றது. லாரி உரசாமல் போனது. அந்தப் பக்கம் பள்ளம், கீழே மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. ஃபோர்மன் முடிக்காமல் விட்ட வார்த்தை அந்த இடத்தில் எனக்கு முடிந்தது. மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. கீழே இறங்கி ஒரு கடையில் நிறுத்தியபோது எனக்குத் தேநீர் வாங்கி வந்து, சூடு ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

மகள் வீட்டுக்கும் போய்விட்டு வீடு திரும்பிய அன்று கேட்டைத் திறக்கும்போது அவனிடம் சொன்னேன். "தம்பி, இனிமே சுவத்த ஒட்டி நிறுத்துப்பா."

"ஏம்மா?"

"கேட் சாத்த வசதியா இருக்கும்."

மறுபேச்சுப் பேசாமல் ஒட்டி நிறுத்தினான். இன்றுவரை அப்படித்தான் நிறுத்துகிறான். அப்புறமும் சில நாள் சாயங்காலத்தில் யாருக்கும் தெரியாமல் சக்கரத்துக்கு முன்னால் பழம் வைத்துப் பார்த்தேன். காலையில் வந்து பார்த்தால், வைத்த மாதிரியே இருந்தது. அந்த வாசனையும் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது.

எங்களைத் தடுக்க வந்தாரா, இல்லை தம் காரைச் சரியாக நிறுத்திவிட்டுப் போய்ப் படுக்கத்தான் வந்தாரா, எனக்குத் தெரியாது. மனசில் பயம் வந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும் என்று அந்த மத்தியானத்தில் கற்றுக்கொண்ட நான், இந்த ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லாமல், சுவருக்கும் காருக்கும் நடுவில் என் கை நுழையாத அளவுதான் இடம் இருக்கிறதா என்று தினமும் ஒரு தடவை பார்த்துவிட்டே கதவைச் சாத்துகிறேன்.